இடது ஓரத்தில் இரண்டு பேர்

ஜனவரி 5, திங்கள்

பிரிட்டோ சார் அணியில் ஆளுக்கொரு டைரி கொடுத்து, எடை, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் தினமும் எழுதச் சொல்லி நாலு மாதம் ஆகிறது. சனிக்கிழமைதோறும் எடையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மற்றதை அவர் படித்ததுமில்லை, நான் எழுதியதுமில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

எடை 83.4. சாப்பாடு: காலையில் எட்டு இட்லி, மதியம் விடுதிச் சோறு, சாயங்காலம் பரோட்டா, எத்தனை என்று கேட்கக் கூடாது. தூக்கம்: நேற்றிலிருந்து கிடையாது.

நேற்று மண்டல இறுதிப் போட்டி. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி மைதானத்திலேயே நடந்தது. முப்பத்தொன்றுக்கு இருபத்தாறு என்று ஜெயித்தோம். அதில் ஏழு பிடி என்னுடையது. ஏழு! மூன்றாம் ஆண்டு பி.ஏ. வரலாறு, தங்கமாரி, லெஃப்ட் கார்னர். கோர்ட்டின் இடது ஓரம் என் சொந்த வீடு மாதிரி.

கபடியில் ஓரத்தில் நிற்பவனும் அவனுக்கு அடுத்தவனும் கை கோத்து நிற்பார்கள். எல்லா அணியிலும் அதுதான் வழக்கம். என் கையைப் பிடித்து நிற்பவன் இசக்கிராஜா. எட்டாம் வகுப்பிலிருந்து அவன் கைதான். ரெய்டர் பாடிக்கொண்டே உள்ளே வருவான். இசக்கி என் கையை ஒரு அழுத்து அழுத்துவான். நான் பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிடுவேன். மைதானமே "மாரி, மாரி" என்று கத்தும்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது ஒருவர் வந்து தோளைத் தட்டினார். வில்வநாதன் சார், ஒரு காலத்தில் இந்திய அணிக்கு ஆடியவர். இப்போது தொழில்முறை லீக்கில் சென்னை அணிக்கு ஆள் தேர்வு செய்கிறார். "என்னப்பா டைமிங் இது! எங்க கத்துக்கிட்ட?" என்றார். இந்த மாதக் கடைசியில் சென்னையில் ஆறு நாள் முகாம். புதுப் பையன்களுக்கானது. அதில் தேறினால் ஏலப் பட்டியலில் பெயர் வரும். ஏலத்தில் ஏதாவது ஓர் அணி எடுத்துவிட்டால் டிவியில் ஆடலாம். நான்! டிவியில்!

அப்புறம் இசக்கியைப் பற்றியும் ஏதோ கேட்டார். சொன்னேன். அது முக்கியமில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

எடை 83.9. பரோட்டாவின் வேலை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். சங்கரன்கோவில் சந்தையில் காய்கறிக் கடையில் இருந்தாள். ஏலம் என்று சொன்னதும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"எய்யா, மனுசன எதுக்குய்யா ஏலம் போடுதானுவ? நம்ம ஆட்டுச் சந்தை மாதிரியா? பல்லப் புடிச்சிப் பாப்பானுவளோ?"

"எடைதாம்மா பாப்பாங்க. எம்பத்தஞ்சு கிலோவுக்கு மேல போனா சேக்க மாட்டாங்க."

"அப்பம் ஆட்டுச் சந்தையேதான்" என்றாள். பிறகு, எடுத்துவிட்டால் படிப்பு என்னாகும் என்று கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். ஏலம் முடிந்த மறுவாரமே அணியோடு போய்விட வேண்டும், ஐந்து மாதம் திரும்ப முடியாது, கடைசிப் பரீட்சை எழுத முடியாது. கல்லூரியிலிருந்து விலக வேண்டியதுதான். தராசு தட்டுகிற சத்தம் கேட்டது, யாருக்கோ கத்தரிக்காய் நிறுத்துப் போட்டாள். "கருப்பு அங்கி போட்டு ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துட்டுப் போயேன். வீட்டுல மாட்டணும்லா" என்றாள். பட்டம் வாங்காமல் அந்த அங்கியைத் தர மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 9, வெள்ளி

எடை 83.1. வரலாறு நோட்டுகள் அத்தனையும் சாமுவேலுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் அணியின் ரெய்டர், ஆனால் பரீட்சையில் பாடத் தெரியாதவன். வாளியும் கொடுத்தேன்.

ஜனவரி 12, திங்கள்

விலகல் கடிதத்தை எழுதிக்கொண்டு பிரிட்டோ சாரிடம் போனேன். அவர் படித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"லேய், முகாமுக்கே இன்னும் போகல. அதுக்குள்ள பிரின்சிபாலுக்கு டாட்டா காட்டுத. பிப்ரவரி பதினெட்டாந் தேதி அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி தொடங்குது. நீ ஏலத்துல போயிட்டா இடது ஓரத்துல நான் கம்பியையா நட்டு வைக்க?"

"இசக்கி இருக்கானே சார்."

"ஒத்தக் கையால எவம்ல கை கோப்பான்?" என்றார்.

அவர் கவலை அவருக்கு. எனக்கு இருக்கிற அவசரத்தில் இன்றைக்கே ரயில் ஏறச் சொன்னாலும் ஏறிவிடுவேன்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கலுக்கு ஊரில். எடை பார்க்கவில்லை. அம்மா கரும்பைக்கூட எனக்கு அளந்துதான் கொடுத்தாள். சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "எம்பையன் ஏலத்துக்குப் போறான்" என்று சொல்கிறாள். எல்லோரும் நான் காய்கறி எடுக்கப் போவதாக நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

எடை 83.6.

முகாமில் ஆட்டம் மண்ணில் இல்லை, ரப்பர் மேட் விரிப்பில் நடக்கும், வெறுங்காலில் ஆட விடமாட்டார்கள். ஷூ வாங்க நானும் இசக்கியும் ஜங்ஷன் கடைத்தெருவுக்குப் போனோம். அவன் பொங்கலுக்கு அத்தை வீட்டில் ஒரு வாரம் விருந்து சாப்பிட்டுவிட்டுச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் வந்திருந்தான். எனக்கு ஏழு ஜோடி போட்டுப் பார்த்தோம். அவன்தான் ஒவ்வொன்றையும் வளைத்து, அடியை நகத்தால் கீறி, "இது வழுக்கும், இது கடிக்கும்" என்று தள்ளினான். கடைசியில் ஒரு நீல ஜோடியை எடுத்தான்.

கடைக்காரர் பில் போட உள்ளே போனபோது கேட்டான். "மாரி, அந்த வில்வநாதன் சார் என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலையால?"

இடது ஷூ கொஞ்சம் இறுக்கமா இருக்கிற மாதிரி இருக்கு, பாரேன் என்றேன். அவன் குனிந்து பெருவிரலை அழுத்திப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

ஜனவரி 27, செவ்வாய். சென்னை

வந்துவிட்டேன்! உள்விளையாட்டு அரங்கம், பச்சை மேட், மேலே அத்தனை விளக்கு. இருபத்திரண்டு பையன்கள், ஒன்பது மாநிலம். மதியச் சாப்பாட்டில் கோழியும் முட்டையும் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கிறது, எடைக்குப் பயந்து யாரும் தொடுவதில்லை. கண்ணீர் வந்துவிட்டது.

எடை 83.2. எலெக்ட்ரானிக் தராசு. நம் விடுதித் தராசைவிட நல்லவன்.

முதல் பயிற்சி ஆட்டம். என் கையைப் பிடித்து நிற்க ஹரியானாக்காரன் ஒருவனைக் கொடுத்தார்கள். பெயர் சோம்பீர். கதவு மாதிரி உடம்பு, குழந்தை மாதிரிச் சிரிப்பு. அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. பரவாயில்லை, கபடிக்குப் பேச்சு எதற்கு என்று நினைத்தேன்.

பிடி: பூஜ்யம். ஷூ புதுசு, மேட் வழுக்குகிறது. அதோடு அந்தச் சோம்பீர் கையை அழுத்தவே இல்லை. ரெய்டர் வருகிறான், என் முன்னால் காலை நீட்டுகிறான், நான் காத்திருக்கிறேன், அவன் என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறான். இப்படி ஐந்து தடவை.

ஜனவரி 28, புதன்

எடை 82.7. சாப்பாடு இறங்கவில்லை.

இன்றைக்கு மானம் போயிற்று. நேற்றுச் சாயங்காலமே சோம்பீரின் கையைப் பிடித்து அழுத்தி அழுத்திக் காட்டி, இப்படிச் செய், நான் பாய்வேன் என்று சைகையில் சொல்லியிருந்தேன். அவனும் பெரிதாகத் தலையாட்டினான். காலை ஆட்டத்தில் ஒரு ரெய்டர் பாதிக் கோர்ட்டுக்குக்கூட வரவில்லை. சோம்பீருக்கு உள்ளங்கை வியர்த்து வழுக்கியது போல, பிடியைச் சரிசெய்யக் கையை இறுக்கினான். நான் பாய்ந்துவிட்டேன். முன்னால் ஆளே இல்லை. மேட்டில் வயிறு தேய நீந்திக்கொண்டு போய்க் கிடந்தேன். ரெய்டர் நிதானமாக நடந்து வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனான். இருபது பேரும் சிரித்தார்கள். சோம்பீர் மட்டும் சிரிக்காமல், என்ன ஆயிற்று என்று கேட்கிற முகத்தோடு "க்யா ஹுவா, பாயி?" என்று தூக்கிவிட்டான்.

வில்வநாதன் சார் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதினார். அதுதான் பயமாக இருக்கிறது. நாளை மறுநாள் ஐந்து மணிக்கு ஏலப் பட்டியலை மூடுகிறார்கள். இருபத்திரண்டில் பன்னிரண்டு பேர்தான் போக முடியும்.

ஜனவரி 29, வியாழன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

மதியம் இசக்கிக்குப் போன் போட்டேன். புலம்பித் தீர்த்தேன். சோம்பீர் சரியில்லை, எப்போது அழுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை என்றேன்.

"அவன் எதுக்குல அழுத்தணும்?" என்றான் இசக்கி.

"நீ அழுத்துவல்லா. நீ அழுத்துனா நான் பாய்வேன்."

"அது சரி. நீயும் பாத்துத்தான பாயுத? ரெண்டு பேரும் ஒண்ணு போல கெளம்பணுமேன்னுதான நான் அழுத்துதேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். அவனுக்குத்தான் முதலில் பிடிபட்டது.

"லேய் மாரி. ஏழு வருசமா நீயா ஒண்ணுமே பாக்கலையால?"

"காலத்தான் பாப்பேன்."

"காலு பொய் சொல்லும்ல! காலக் காட்டித்தான ஏமாத்துவானுவ. பாட்டக் கேளு. மூச்சு விடாம கபடி கபடின்னு சொல்லிக்கிட்டே வாறாம்லா? நெசமாவே தொட வரும்போது சத்தம் ஒரு பொட்டு எறங்கும். கைய எட்டி நீட்டணும்னா வயிறு இறுகணும், வயிறு இறுகுனா பாட்டு தேயும். எந்த ஊர்க்காரனா இருந்தாலும் மூச்சு ஒண்ணுதான். அப்பம் பாயி. சும்மா ஏமாத்துறதுக்குக் கால நீட்டுனா பாட்டு அப்படியே இருக்கும்."

"இத ஏம்ல நீ எனக்கு முன்னாடியே சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீதான நல்லா புடிக்க."

போனை வைத்துவிட்டு அரங்கத்துக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மேட்டின் ஓரத்தில் படுத்திருந்தார்கள். சோம்பீரை எழுப்பி, கோட்டைக் காட்டி, பாடிக்கொண்டு வா என்று சைகை செய்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான், ஆனாலும் பாடினான். இருபது தடவை. பதினைந்தாவது தடவையில் எனக்குக் கேட்டது. கேட்டது! சத்தம் இறங்கியது, நான் கையை நீட்டினேன், கையில் அவன் காலே இருந்தது. கண்ணைத் திறந்தால் சோம்பீர் தரையில் கிடந்து சிரிக்கிறான்.

சாயங்கால ஆட்டத்தில் நாலு பிடி. பாட்டு தேயும்போது நான் சோம்பீரின் கையை அழுத்தினேன், இரண்டு பேரும் சேர்ந்து பாய்ந்தோம். நாலாவது பிடிக்கு எதிரணிப் பையன்களே கை தட்டினார்கள். வில்வநாதன் சார் கூப்பிட்டு, "ரெண்டு நாளா தூங்கிட்டிருந்தியா? இப்பதான் அந்தப் பாளையங்கோட்டைப் பையனைப் பாக்கறேன். உன் பேரை எழுதிட்டேன், போய் நல்லா சாப்பிடு" என்றார். அரங்கத்தை மூன்று சுற்று ஓடினேன். யாரும் ஓடச் சொல்லவில்லை.

ஏழு வருடம் என் பெயரைக் கத்தினார்கள். நான் பாய்ந்தது எல்லாம் அவன் காதை வைத்து.

ஐந்தாம் தேதி எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். வில்வநாதன் சார் இறுதிப் போட்டி அன்றைக்கு, "உன் பக்கத்துல நிக்கறானே, அவன் எப்படி? அவனையும் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார். நான், "அவனுக்கு வெளிய போக இஷ்டம் இல்ல சார், போலீசுக்குப் போறான்" என்று சொன்னேன். இசக்கி போலீசு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எனக்கு இரண்டு பேராகப் போக விருப்பமில்லை. அவ்வளவுதான். எழுதிவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

எடை யாருக்கு வேண்டும் இன்றைக்கு! என் எடையைச் சொல்கிறேன்.

காலை ஆட்டத்திலும் மூன்று பிடி. ஒவ்வொன்றுக்கும் சோம்பீர் கட்டிப்பிடித்தான். ஒவ்வொன்றுக்கும் எனக்கு இசக்கி ஞாபகம்தான் வந்தது. பன்னிரண்டரைக்கு வில்வநாதன் சாரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நான் பொய் சொன்னேன் சார், இசக்கிக்கு வர ஆசை உண்டு, டைமிங் என்று நீங்கள் சொன்னது அவனுடையது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் அப்பவே சந்தேகம்தான். நீ பாயறதுக்கு முன்னாடி அவன் தோள் அசையுது. அதான் கேட்டேன். நீதான் போலீஸ்னு சொன்ன."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"காலைல ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகி வீட்டுக்கு அனுப்பிட்டோம். பட்டியல்ல ஒரு இடம் காலி. அஞ்சு மணிக்குள்ள வயசுச் சான்று, பிரின்சிபால் கடிதம், மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல எடுத்த எடைச் சீட்டு, மூணும் என் கைக்கு வரணும். அவன் ஆட்டத்தை நான் பாத்திருக்கேன், அது போதும்." பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "தம்பி, ஒண்ணு தெரிஞ்சுக்க. எங்க அணிக்கு இடது பக்கம் ஒரு ஆள்தான் வேணும்."

சரி சார் என்று வெளியே ஓடி வந்தேன். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு வராந்தா தாண்டித்தான் உறைத்தது. அதற்குள் இசக்கிக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தது.

அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். போலீசு கதையையும். ஒரு ஆள்தான் வேண்டும் என்றதை மட்டும் சொல்லவில்லை. அவன் போனை வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பத்து நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு அவனே அழைத்தான்.

"என்னென்ன பேப்பர் வேணும், சொல்லு." குரல் கட்டையாக இருந்தது.

ஒன்றரைக்குப் பிரிட்டோ சாரின் குரல். "ரெண்டு பேரையும் கொண்டு போறியால, சண்டாளா! நல்லா இருப்பியா நீ?" என்று திட்டிக்கொண்டே பிரின்சிபால் அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார், மூச்சு வாங்கியது. இரண்டு மணிக்குக் கடிதம் கிடைத்துவிட்டது. வயசுச் சான்று அவன் பெட்டியிலேயே இருந்தது. மிச்சம் எடை. விடுதித் தராசில் ஏறினான். 86.2.

அத்தை வீட்டு விருந்து!

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாமுவேல் போனில் வர்ணனை சொல்ல நான் இங்கே சென்னையில் குதித்துக்கொண்டிருந்தேன். இசக்கிக்கு இரண்டு பனியன், மேலே பிரிட்டோ சாரின் ரெயின்கோட், அதற்கு மேல் கம்பளி. பாளையங்கோட்டை வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். வாயில் புளி உருண்டை, எச்சில் ஊற ஊறத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. அணி முழுவதும் பின்னாலேயே "துப்புல, துப்புல" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. வகுப்பு நடந்துகொண்டிருந்த தாவரவியல் துறையிலிருந்து ஆட்கள் ஜன்னலில் வந்து நின்றார்களாம்.

மூன்றரைக்கு 85.4. அதோடு நின்றுவிட்டது. வியர்வை வற்றிப்போனது, எச்சிலும் இல்லை. நான்கு மணிக்கு மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்குப் பிரிட்டோ சார் பைக்கில் கொண்டு போனார், சாமுவேலும் பின்னால் தொற்றிக்கொண்டான். அங்கே பாண்ட் சட்டை எல்லாம் கழற்றி ஜட்டியோடு ஏறினான். 85.1.

"நூறு கிராம்ல! நூறே நூறு கிராம்!" என்று சாமுவேல் கத்துகிறான். நான் இங்கே சுவரில் முட்டிக்கொண்டேன். சோம்பீர் என்னவென்று தெரியாமலேயே என்னோடு சேர்ந்து கவலைப்பட்டான்.

அப்போது பிரிட்டோ சார் சொன்னாராம், "மொட்டையப் போடுல!" இசக்கியின் முடி எங்கள் கல்லூரிக்கே தெரியும். நெற்றியில் சுருண்டு விழும், அதற்கென்று தனியாக ஒரு சீப்பு வைத்திருப்பான். எதிரே இருந்த சலூனில் பாதி முகச்சவரத்தில் இருந்த ஆளை எழுப்பிவிட்டு இசக்கியை உட்கார வைத்தார்கள். மீசையையும் எடுத்தார்கள். ஈரத்தைத் துண்டால் துடைத்து, மறுபடி தராசு.

84.9.

சீட்டு என் போனுக்கு வந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. வில்வநாதன் சாரின் அறைக்கு நான் ஓடிய ஓட்டத்தைத் தேர்வில் ஓடியிருந்தால் என்னை ரெய்டராகவே எடுத்திருப்பார்கள். அவர் மூன்று தாளையும் பார்த்தார். எடைச் சீட்டில் இருந்த மொட்டைத் தலைப் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பட்டியலில் பன்னிரண்டாவதாக எழுதினார்: இசக்கிராஜா.

என் எடை 82.1. ஒரு மதியத்தில் நானும் குறைந்திருக்கிறேன்.

பிப்ரவரி 2, திங்கள்

விடுதிக்கு வந்துவிட்டேன். இசக்கி ஸ்டேஷனுக்கு வரவில்லை. பயிற்சியில் வழக்கம்போல என் பக்கத்தில் நின்றான், கையைப் பிடித்தான். ஆட்டத்தைத் தவிர எதுவும் பேசவில்லை. நாலு நாளாக எங்கள் அறையில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் படுக்காமல், சாமுவேலின் அறைக்குப் பாயைக் கொண்டு போய்விட்டானாம்.

பிப்ரவரி 5, வியாழன்

எடை 82.8. இன்றைக்கு இசக்கி என்னிடம் சோப்புக் கேட்டான். கொடுத்தேன். முழுசாக வைத்துக்கொள் என்றேன். "பாதி போதும்" என்றான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஏலம். மூன்று மணிக்கு விடுதி டிவி அறையில் நிற்க இடமில்லை. சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்துவிட்டார்கள். அம்மா கடையை மூடிவிட்டுப் பக்கத்து மொபைல் கடையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். நான் முதல் வரிசையில். இசக்கி சுவரோரம், தலையில் புதுமுடி ஒரு விரற்கடை முளைத்திருந்தது, போகிற வருகிறவர்கள் எல்லாம் தடவிவிட்டுப் போனார்கள்.

பெரிய ஆட்கள் எல்லாம் முடிந்து, நாலரைக்குப் புதுப் பையன்கள். பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். முதல் இரண்டு பெயர் வடக்கே யாரோ. மூன்றாவது சீட்டு.

இசக்கிராஜா, தமிழ்நாடு.

திரையில் அந்த மொட்டைப் படம்! அறையே அதிர்ந்தது. நாலு நொடி யாரும் விலை கேட்கும் பலகையைத் தூக்கவில்லை, என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம் சென்னை அணியின் மேசையில் வில்வநாதன் சார் பலகையைத் தூக்கினார். உடனே இன்னொரு அணியும் தூக்கியது. மறுபடி சென்னை. மறுபடி அவர்கள். மறுபடி சென்னை. சுத்தியல் விழுந்தது.

எனக்கு என்ன ஆனதென்று தெரியாது. கூட்டத்தை இடித்துக்கொண்டு சுவரோரம் போய் இசக்கியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டேன். எண்பத்தைந்து கிலோ! "இறக்குல, விழுந்துருவேன்" என்று அவன் என் காதைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான், பத்து நாளில் என்னிடம் அவன் பேசிய முதல் நீளமான பேச்சு. வராந்தா முழுக்க ஓடினேன். படியிறங்கி மைதானத்துக்குப் போய் ஒரு சுற்று. "எங்க இசக்கி! எங்க இசக்கி!" என்று எனக்குத் தொண்டை கிழிந்தது. பாதிக் கூட்டம் பின்னாலேயே வந்தது. பிரிட்டோ சார் அழுதுகொண்டே திட்டினார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் யாரோ ஒடிசாப் பையன் படம் இருந்தது. "என் பேரு எப்பம்ல வரும்?" என்று சாமுவேலைக் கேட்டேன். அவன் சமையல்காரரைப் பார்த்தான். சமையல்காரர் கரண்டியைப் பார்த்தார்.

"வந்துட்டுப் போயிட்டு, மாரி" என்றான் சாமுவேல். "இசக்கிக்கு அடுத்த சீட்டே நீதான். மூணு தடவ கூப்புட்டாங்க. யாரும் பலகையத் தூக்கல."

நான் இசக்கியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்த நேரம். என் பெயர் வந்ததையும் போனதையும் நான் பார்க்கவே இல்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டுக்கும் ஒரே கண்ணீர்தான் வருகிறது. அம்மா போன் போட்டாள். "விக்காம திரும்பி வந்த ஆடு வீட்டுக்கு நல்லதுய்யா. பரீச்சைக்குப் படி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிப்ரவரி 9, திங்கள்

எடை 82.5.

இசக்கி பதினொரு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். காலையில் பெட்டி கட்ட உதவினேன். விலகல் கடிதத்தை நேற்று ராத்திரியே பிரிட்டோ சாரிடம் கொடுத்துவிட்டான். நீல ஷூவை அவன் பெட்டியில் வைத்தேன், அளவு ஒன்றுதான். பெட்டி மூட மறுத்ததால் நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், அவன் குனிந்து பூட்டை அழுத்திக்கொண்டிருந்தான். அப்படியே நிமிராமல் கேட்டான்.

"நீ மட்டும் சொல்லாம இருந்திருந்தா, சென்னைக்காரன் உன்னத்தான எடுத்திருப்பான்?"

"ஆமா. ஒரு ஆளுதான் வேணும்னாரு."

"அது தெரிஞ்சும் சொன்னியா?"

"சொன்னப்பொறவுதாம்ல தெரியும். ஆனா உனக்குப் போன் அடிக்கும்போதே தெரிஞ்சிட்டு, நான் கட் பண்ணல."

பூட்டு விழுந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பத்து நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் நேராகப் பார்த்தான்.

"மறுபடி அந்த வெள்ளிக்கிழம வந்தா சொல்லுவியால?"

யோசித்தேன். பொய் சொல்லி ஒரு தடவை பட்டது போதும்.

"சொல்லுவேன். ஆனா சாயங்காலம் அஞ்சேகாலுக்குச் சொல்லுவேன்."

அவன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். நன்றாக வலித்தது. பிறகு சிரித்தான், நானும் சிரித்தேன், சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் பெட்டிமேல் சாய்ந்துவிட்டோம். கீழே பிரிட்டோ சார் பைக் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவனை முன்னால் நடக்கச் சொன்னேன்.